த்ரேசியன் கல்லறை கேள்விக்கு நான் படிச்ச விதம்

த்ரேசியர்ங்கறவங்க பழங்காலத்துல இப்போ பல்கேரியா இருக்கற பக்கம் வாழ்ந்தவங்க, எம்.ஏ. தொல்லியல் படிக்கிறவங்க நிறைய பேர் அவங்க கல்லறைகளப் பத்தின இந்தப் பகுதிய சாய்ஸ்ல விட்டுடறாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க. நான் முதல் இன்டர்னல்ல பல்கேரியாவுல இருக்கற கசான்லக் கல்லறைக்கு வளைவுக் கூரைன்னு எழுதி மார்க் போச்சு, பாத்தா அது வளைவே இல்ல, செங்கல்ல ஒவ்வொரு வட்டத்தையும் கீழ இருக்கறதவிட கொஞ்சம் உள்ள தள்ளித் தள்ளி அடுக்கி மேல போய் மூடியிருக்காங்க, அதுக்குப் பேரு கார்பெல்.

இத புரிஞ்சுக்க ரெண்டு நாள் ஆச்சு. டேபிள் ஓரத்துல புஸ்தகத்த ஒன்னுமேல ஒன்னு வெளிய தள்ளி அடுக்கிப் பாருங்க, கொஞ்ச நேரத்துல சாயும், பின்பக்கம் கைய வச்சு அழுத்தினா நிக்கும். அந்தக் கை வேலையத்தான் கல்லறை மேல கொட்டுன மண்மேடு செய்யுது! மேடு வெறும் அடையாளம் இல்ல, கட்டடத்தோட ஒரு பாகம். இந்த ஒரு வரிய எழுதுங்க, திருத்தறவருக்கு நீங்க புரிஞ்சுதான் படிச்சிருக்கீங்கன்னு தெரியும்.

பிளான மட்டும் மனப்பாடம் பண்ணா பத்தாது, குறுக்குவெட்டு வரைஞ்சு பழகணும். நான் வாசல்லருந்து உள்ள நடந்து போற மாதிரியே படிச்சேன், முதல்ல முன்னறை, அப்புறம் ட்ரோமோஸ்ங்கற குறுகலான நடை, அப்புறம் தேன்கூடு மாதிரி வட்ட அறை, அதத்தான் தோலோஸ்னு சொல்றாங்க. கசான்லக்ல இந்த வட்ட அறை குறுக்களவு 2.65 மீட்டர்தான், அவ்ளோ சின்ன இடத்துக்குள்ள விருந்து, குதிரைகள், உச்சியில தேர் ஓட்டம்னு ஓவியம் வரைஞ்சிருக்காங்க, படத்த பாத்துட்டு அன்னிக்கு என்னால வேற எதையும் படிக்க முடியல.

ஒப்பிட்டு எழுதச் சொன்னா பல்கேரியாவுலயே இருக்கற இன்னொரு த்ரேசியன் கல்லறையான ஸ்வெஷ்தாரிய எடுங்க. அங்க இருக்கறது நிஜமான அரை உருளை வளைவு, கூடவே கைய தூக்கி நிக்கற 10 பெண் சிலைங்க, பாவாடை பூவிதழ் மாதிரி விரிஞ்சிருக்கும். கோல்யாமா கோஸ்மாட்கா கல்லறைய மூணாவதா வச்சுக்கலாம், அது செவ்தெஸ் 3ங்கற த்ரேசிய மன்னனோடது, ஒரே கல்லறையில செவ்வக அறை, வட்ட அறை, கடைசியா கருங்கல்ல குடைஞ்ச சவப்பெட்டி மாதிரி அறைன்னு மூணு விதமும் வரும்.

வருஷம் ரொம்ப வேண்டாம், கசான்லக் 1944ல கண்டுபிடிச்சாங்க, 1979ல யுனெஸ்கோ பட்டியல், ஸ்வெஷ்தாரிக்கு அதே வரிசையில 1982, 1985. பரீட்சை அன்னிக்கு படத்துல மண்மேட்டையும் சேத்து வரைஞ்சு, எடை எந்தப் பக்கம் இறங்குதுன்னு அம்புக்குறி போட்டுடுங்க.