ஓடவிடுவது ஒரு வரி, நிறுத்துவதுதான் வேலை

பைத்தானிலிருந்து வேறொரு புரோகிராமை ஓடவிட ஒரே வரி போதும். சப்பிராசஸ் மாட்யூலில் ரன் என்று கூப்பிட்டால் வேலை முடிந்தது, பல டுடோரியல்களும் அதோடு முடிந்துவிடுகின்றன. சர்வர் பக்கமே வேலை பார்த்து வந்ததில் நான் உறுதியாக நம்புவது, ஓடவிட்ட புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் புரோகிராம், முடியாமல் நின்றுபோனால் அதை யார், எப்படி முடிப்பது என்று எழுதப்படாத கோட் பாதி கோட்தான்.

நான் இருந்த ஒரு டீமில், வாடிக்கையாளர்கள் ஏற்றும் வேர்ட் ஃபைல்களை பிடிஎஃப் ஆக்கித் தரும் சர்வீஸ் ஒன்று இருந்தது. உள்ளே லிப்ரே ஆபீஸ், திரை இல்லாமல் ஹெட்லெஸ்ஸாக ஓடும். இவ்வளவு நேரத்துக்குள் முடியாவிட்டால் நிறுத்து என்று டைம்அவுட்டும் போட்டிருந்தது. ஆனாலும் சர்வரில் மெமரி ஏறிக்கொண்டே போகும். ஓடும் புரோசஸ்களைக் காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் சோஃபிஸ்.பின் என்ற பெயரில் வரிசையாகப் புரோசஸ்கள், எப்போதோ டைம்அவுட் ஆகிப்போன ஃபைல்களை இன்னமும் பிடித்துக்கொண்டு கிடக்கும். விஷயம் என்னவென்றால், நாம் ஓடவிடும் சோஃபிஸ் தனக்குக் கீழே சோஃபிஸ்.பின்னைக் கிளப்பிவிட்டுக் காத்திருக்கும் ஒரு ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். டைம்அவுட் ஆனதும் பைத்தான் கொல்வது தன் நேரடிப் பிள்ளையான அந்த ஸ்கிரிப்டை மட்டும்; பேரப்பிள்ளையான சோஃபிஸ்.பின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதைவிட மோசம், ரன்னுக்குப் பதில் அதே மாட்யூலின் பாப்பென் வைத்து எழுதி, கில் செய்தபின் அவுட்புட்டை முழுதாக வாசித்துத் தரும் கம்யூனிகேட்டை மறுபடி கூப்பிட்டிருந்தால், அந்தப் பேரப்பிள்ளை பைப்பின் (அவுட்புட் நம்மிடம் வந்து சேரும் குழாயின்) மறுமுனையை விடும்வரை நம் புரோகிராமும் அங்கேயே நிற்கும்.

சரி, இதற்கு வழி இருக்கிறது. ஓடவிடும்போதே ஸ்டார்ட் நியூ செஷன் என்ற ஆர்க்யூமெண்டை ட்ரூ என்று கொடுத்துவிட்டால் பிள்ளையும் அதன் வாரிசுகளும் தனி குரூப்பாகிவிடும், அப்புறம் ஓஎஸ் மாட்யூலின் கில்பிஜி வைத்து மொத்த குரூப்புக்கும் சிக்னல் அனுப்பலாம். முதலில் முடித்துக்கொள் என்று கேட்கும் சிக்டெர்ம், கொஞ்ச நேரம் பொறுத்தும் அடங்காவிட்டால் கேட்காமலே கொல்லும் சிக்கில். லிப்ரே ஆபீஸுக்கு இன்னொன்றும் வேண்டும்: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதன் செட்டிங்குகள் இருக்கும் தனி புரொஃபைல் டைரக்டரி. ஒரே புரொஃபைலில் இரண்டாவதாகக் கிளம்புவது தனியாக ஓடாமல் ஏற்கெனவே ஓடுவதிடம் வேலையை ஒப்படைத்துவிடும், எது எப்போது முடிந்தது என்று நமக்குத் தெரியாமலே போய்விடும். பிழையில்லாமல் முடிந்தது என்று சொல்லும் எக்சிட் கோடு 0 வந்தும் பிடிஎஃப் இல்லாத நாள்கள் உண்டு, அதனால் ஃபைல் உண்மையிலேயே டிஸ்க்கில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெற்றி என்று எழுத வேண்டும்.

புதிதாக வருபவர்களை அதிகம் அலைக்கழிப்பது பைப்தான். வீடியோக்களை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் தன் லாக் முழுவதையும் எஸ்டிடிஎர்ரில், அதாவது பிழைச் செய்திகளுக்கான அவுட்புட்டில், கொட்டும். அதை பைப்பில் பிடித்துவிட்டு, யாரும் வாசிக்காமல் வெறுமனே வெயிட் கூப்பிட்டால், சின்ன வீடியோக்கள் ஒழுங்காக முடியும், நீளமான வீடியோ மட்டும் நடுவில் உறைந்துபோகும். லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாகக் கொள்வது 64 கேபி, அது நிறைந்ததும் எழுதுகிறவர் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு புரோசஸ் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸை அந்தப் புரோசஸோடு இணைத்தால் எஸ்டிடிஎர்ருக்கு எழுதப்போன ஒரு ரைட் அழைப்பு முடியாமல் தொங்குவது கண்ணெதிரே தெரியும். பழி எஃப்எஃப்எம்பெக் மேல் விழும், அது பாவம். கம்யூனிகேட் வைத்து எஸ்டிடிஅவுட் (வழக்கமான அவுட்புட்), எஸ்டிடிஎர்ர் இரண்டையும் சேர்த்து வாசித்தாலே போதும், லாக் பெரிதாக வருமென்றால் நேராக ஒரு ஃபைலுக்கே திருப்பிவிடலாம். இன்புட் வழியான எஸ்டிடிஇன்னையும் டெவ்நல்லாக்கி (வெறுமையாக்கி) விடுங்கள், இல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் கீபோர்டு கட்டளை வருமா என்று நம் இன்புட்டை வாசிக்கப் போகும்.

கட்டளையை ஒரே வரியாக ஷெல்லிடம் கொடுத்து ஓடவிடும் ஷெல் ட்ரூ பற்றி நீட்டவில்லை. யாரோ ஏற்றிய ஃபைல் பெயரில் ஒரு அரைப்புள்ளி இருந்தால் அதற்குப் பின்னால் உள்ளது தனிக் கட்டளையாக ஓடும். ஆர்க்யூமெண்ட்களை லிஸ்ட்டாகக் கொடுங்கள்.

புரோசஸ் எப்படி முடிந்தது என்று சொல்லும் ரிட்டர்ன்கோடை லாகில் எழுதி வைப்பதையும் நான் விடமாட்டேன். -9 என்று வந்தால் சிக்கில் வாங்கிச் செத்திருக்கிறது. நாம் அனுப்பவில்லை என்றால் முதல் சந்தேகம் மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றதா என்பதுதான், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் கட்டளையில் பார்த்தால் தெரிந்துவிடும். இதையெல்லாம் டாக்கரில், அதாவது கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள், ஓட்டுபவர்கள் அந்தக் கன்டெய்னரை இனிட் ஆப்ஷனோடு கிளப்புங்கள். பெற்றோர் போன பேரப்பிள்ளைகள் கன்டெய்னரின் முதல் புரோசஸான பிஐடி 1 இடம்தான் போய்ச் சேரும், அந்த இடத்தில் நம் பைத்தான் புரோகிராம் இருந்தால் அவை செத்தபின் அவற்றின் பதிவை அள்ளி அகற்றாது, புரோசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போடும்போதெல்லாம் டிஃபங்க்ட் (செத்தும் பதிவு நீங்காதவை) என்ற வரிகள் கூடிக்கொண்டே போகும்.