மாத்திரை போட்ட பிறகு தேதி தள்ளிப்போனால்

ஓசூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கம்பெனிப் பெண்கள்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். அரூர், ஊத்தங்கரை, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள், சிப்காட்டில் ஷிப்ட் வேலை. துணி காயப்போட மாடிக்குப் போனால் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்பார்கள்: "72 மணி நேர மாத்திரை போட்டேன்க்கா, இன்னும் டேட் வரல. நின்னிருக்குமாக்கா?" பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிட்டால் கரு நிற்காமலிருக்க 72 மணி நேரத்துக்குள் போடுகிற அவசரக் கருத்தடை மாத்திரை அது. போன வருடம் எனக்கும் அதே நிலைமை வந்தது. அதனால் பதிலை விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

பையனுக்குப் பால் மறக்கடித்திருந்த சமயம். ஒரு நாள் ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. விடிந்ததும் வீட்டுக்காரர் மருந்துக்கடைகளில் போய்க் கேட்டார். ஒரு கடையில் "அதெல்லாம் வர்றதில்ல சார்" என்றார்கள். இன்னொன்றில் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டாக்டர் சீட்டு கேட்டார்கள். இந்த மாத்திரையை 2005 முதல் சீட்டு இல்லாமலே விற்கலாம். தமிழ்நாட்டில் இதற்குத் தடை கிடையாது. ஆனாலும் இங்கே நிறையக் கடைக்காரர்கள் பல வருடங்களாக இதை வாங்கி வைப்பதே இல்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே எல்லை. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனார், கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ இருக்கிற ஒரு பெண் எங்கே போவாள்? எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன் தருகிற மருந்து இது. கடை கடையாக அலையவிடுவது அந்தப் பலனைக் குறைக்கிற காரியம். இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு.

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. போட்டேன். கொஞ்சம் குமட்டல், தலைவலி, அவ்வளவுதான். (2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போட வேண்டும்.)

அப்புறம் வர வேண்டிய தேதி வந்தது, போனது. பீரியட்ஸ் வரவில்லை. பேரனைப் பார்க்க வந்திருந்த அம்மா, "ஏண்டி, இந்த மாசம் இன்னும் தலைக்கு ஊத்தலையா?" என்று கேட்டுவிட்டு எள்ளுருண்டை பிடிக்க உட்கார்ந்துவிட்டாள். தெரிந்த அக்கா ஒருத்தி, "எதுக்கு வம்பு, கலைக்கிற மாத்திரை வாங்கிப் போட்டுரு" என்றாள். நான் நேராக நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா ஓ.பி. சீட்டைத் திருப்பிப்போட்டு ஒரு கோடு இழுத்தார். கோட்டின் ஒரு முனையில் போன மாத பீரியட்ஸ், மறுமுனையில் வர வேண்டிய பீரியட்ஸ், நடுவில் ஒரு புள்ளி. "இதுதாம்மா முட்டை வெளிய வர்ற நாள். இந்தப் புள்ளியைத் தள்ளிப்போடுறதுதான் நீ போட்ட மாத்திரையோட வேலை." புள்ளியை அடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று வைத்தார். "முட்டை வந்து சுமார் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பீரியட்ஸ். இது நகர்ந்தா அதுவும் நகரும்." ஆகவே தேதி தள்ளுவது மருந்து வேலை செய்ததாலும் இருக்கலாம். பெரும்பாலும் வழக்கமான தேதிக்கு ஒரு வாரம் முன்னே பின்னே வந்துவிடும். நடுவில் லேசாகத் திட்டுத்திட்டாக ரத்தம் படுவதும் உண்டு. அதைப் பீரியட்ஸ் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

ஆனால் முட்டை ஏற்கெனவே வெளியே வந்திருந்தால் மாத்திரையால் பெரிதாகப் பலன் இருக்காது. அப்போது தேதி தள்ளுவதற்குக் கர்ப்பமும் காரணமாக இருக்கலாம். மனசை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். வழக்கமான தேதி ஒரு வாரம் தாண்டினால் சிறுநீர்ப் பரிசோதனை. மாதவிலக்கு எப்போதுமே ஒழுங்கில்லாதவர்கள், சேர்ந்த நாளிலிருந்து 3 வாரம் கழித்துப் பார்க்கலாம். அவசரப்பட்டு நாலாம் நாளே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கரு கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகுதான் அந்த ஹார்மோனே சுரக்கத் தொடங்கும்.

எனக்கு அன்று அங்கேயே இலவசமாகப் பார்த்தார்கள். வெள்ளைக் கார்டின் ஓரத்துக் குழியில் நர்ஸ் சொட்டு சொட்டாக விட்டார். ஈரம் மெல்ல ஊறி மேலே ஏறியது. 'சி' என்ற எழுத்துக்கு நேராக இளஞ்சிவப்பில் ஒரு கோடு. 'டி'க்கு நேரே கோடு எதுவும் வரவில்லை. பாக்கெட்டில் போட்டிருந்த நேரம் முடியும்வரை நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு வரவே இல்லை, கர்ப்பம் இல்லை என்று அர்த்தம். அடுத்த சில நாளில் பீரியட்ஸ் வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

அந்த அக்கா சொன்ன கலைக்கிற மாத்திரை முற்றிலும் வேறு மருந்து. நான் போட்டது கருவைக் கலைக்காது. கர்ப்பமா என்று தெரியாமலே கடையில் வாங்கிக் கலைக்கிற மாத்திரை போட்டு, ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்த பெண்களை இதே தெருவில் பார்த்திருக்கிறேன். கரு கர்ப்பப்பைக்கு வராமல் சினைக்குழாயிலேயே தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்கவும் செய்யாது, உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, மயக்கம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. எள்ளுருண்டை தின்னலாம், ருசிக்காக. பீரியட்ஸை அது வரவழைக்கும் என்று நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

கர்ப்பம்தான் என்று தெரிந்தால்? 2021-ல் திருத்தப்பட்ட 1971 கருக்கலைப்புச் சட்டத்தின்படி 20 வாரம்வரை ஒரு டாக்டரின் ஒப்புதலோடு கலைக்கலாம். கல்யாணமாகாத பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 18 வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்தோ அப்பா கையெழுத்தோ கேட்டால், சட்டத்தில் அப்படி இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

தங்கச்சிகளிடம் நான் அழுத்திச் சொல்வது இன்னொன்று. மாத்திரை போட்டாயிற்று, இந்த மாதம் பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். தள்ளிப்போன முட்டை பிறகு வரும். மாத்திரை போட்ட பிறகு பாதுகாப்பில்லாமல் சேர்ந்தால் கரு நிற்க வாய்ப்பு அதிகம். பீரியட்ஸ் வரும்வரை ஆணுறை கட்டாயம்.

கிளம்பும்போது டாக்டரம்மா சொன்ன ஒரு விஷயம் நான் அதுவரை கேள்விப்படாதது. சேர்ந்த 5 நாளுக்குள் கர்ப்பப்பைக்குள் காப்பர் டி போட்டுக்கொண்டால் அதுவே அவசரக் கருத்தடையாகவும் வேலை செய்யுமாம், மாத்திரையைவிட உறுதியாக. அடுத்த பீரியட்ஸ் வந்ததும் போய்ப் போட்டுக்கொண்டேன். அரசு ஆஸ்பத்திரியில் செலவே இல்லை. முதல் ரெண்டு மூன்று மாதம் உதிரப்போக்கும் வலியும் கொஞ்சம் கூடுதலாக இருந்தன, இப்போது சரியாகிவிட்டது.