வேகம் எழுதாத தண்டச் சீட்டு

கூடின வேகத்தில் ஓடினேன் என்று பொலிஸ் எனக்கு எழுதித் தந்த தண்டச் சீட்டில், எவ்வளவு வேகம் என்று இருக்கவில்லை. இடத்துக்கு நேரே 'ஏ9' என்று மட்டும் இருந்தது. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும், முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதி அது. சீட்டு காபன் பிரதி என்பதால் பாதி எழுத்து மங்கல். 3,000 ரூபாய் என்ற தொகை மட்டும் அழுத்தி எழுதியிருந்தது.

இந்த இரண்டு விபரமும் ஏன் முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காருக்கு ஊர்மனைப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், அதற்கு வெளியே 70. கொடிகாமத்தில் இருந்து யாழ்ப்பாணம் வரும்போது கடைத்தெரு, வெளி, திரும்பவும் கடைத்தெரு என்று மாறி மாறித்தான் வீதி போகும். 65இல் ஓடுகிற ஒருவர் ஓரிடத்தில் குற்றம் செய்தவர், கொஞ்சத் தூரம் தள்ளி குற்றம் செய்யாதவர். வேகமும் தெரியாமல் இடமும் தெரியாமல், நான் செய்தது குற்றமா இல்லையா என்று யாராலும் சொல்ல ஏலாது.

மறித்த உத்தியோகத்தரிடம் அந்த இடத்திலேயே வேகத்தைக் கேட்டேன். "கூட ஸ்பீட்" என்றார். கருவியைக் காட்டச் சொன்னேன். மறுக்காமல் திருப்பிக் காட்டினார். திரையில் பூச்சியம். அதற்கிடையில் பின்னால் இன்னொரு வான் வந்துவிட்டது, அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். என்னுடைய சாரதி அனுமதிப்பத்திரமும் அவரோடு போனது.

வேகக் கட்டுப்பாட்டுக்கு நான் எதிரானவன் இல்லை. போர் முடிந்து ஏ9 திருத்தப்பட்ட பிறகு அந்த வீதியில் வாகனங்கள் பறக்கிற பறப்பை நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம். பொலிஸ் கருவியோடு நிற்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஒருவரிடம் தண்டம் கேட்டால், அவர் என்ன செய்தார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வேகத்தை எழுதி, இடத்தையும் சரியாகப் போட்டிருந்தால் அடுத்த நாளே தபாற்கந்தோரில் கட்டியிருப்பேன்.

கட்டுகிறவர்களுக்கு நடைமுறை சுலபம். 14 நாட்களுக்குள் தபாற்கந்தோரில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் 28ஆவது நாள் வரைக்கும் இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு வழக்கு. அந்தச் சீட்டே முதல் 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் செல்லும். பணத்தைக் கட்டினால் விடயம் அதோடு முடிந்தது. கட்டிவிட்டுப் பிறகு 'நான் செய்யவில்லை' என்று போய் நிற்க வழி இல்லை. ஆகவே முடிவை அந்த 14 நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும்.

அன்றைக்குப் பின்னேரமே சீட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்தேன். எந்த மதகு தாண்டி மறித்தார்கள், கடைகள் எங்கே முடிந்தன, வீதியோரம் என்ன பலகை இருந்தது என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதினேன். இரண்டு நாள் கழித்து எழுதியிருந்தால் அவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்க முடியாது.

பிறகு, தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கொண்டு போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, காலியா இருக்கெண்டு சந்தோசப்படாதையும். இதாலை மட்டும் வழக்கு விழாது."

அவர் விளக்கியதை என் சொல்லில் தருகிறேன். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பார்ப்பது குற்றப்பத்திரிகையை. தண்டச் சீட்டை அல்ல. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 165ஆம் பிரிவு, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன்மீதுள்ள குற்றச்சாட்டை விளங்கிக்கொள்ளப் போதுமான அளவுக்கு நேரமும் இடமும் குற்றச்சாட்டில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் விடுபட்ட விபரம் எதிரியைப் பிழையாக வழிநடத்தியிருந்தால் ஒழிய அதைப் பாரதூரமான குறையாக எடுக்கக் கூடாது என்று அடுத்த பிரிவு சொல்லிவிடுகிறது. 167இன் கீழ், தீர்ப்புக்கு முதல் எந்த நேரத்திலும் குற்றச்சாட்டைத் திருத்தலாம். 'பெயரில் ஓர் எழுத்துப் பிழை, அதனால் சீட்டே செல்லாது' என்று எங்கள் பக்கத்தில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நம்பிக் கோட்டுக்குப் போகிறவர் பெரும்பாலும் தண்டத்தோடுதான் திரும்புவார்.

"அப்ப இதாலை என்ன பிரயோசனம் அண்ணை?"

"சீட்டிலை எழுதாத மனுசன் தன்ரை குறிப்புப் புத்தகத்திலையாவது எழுதினவரோ எண்டதுதான் கேள்வி. அதைக் கோட்டிலைதான் கேக்கலாம்."

செலவையும் ஒளிக்காமல் சொன்னார். சட்டத்தரணிக் கட்டணம் 3,000ஐத் தாண்டும். தவணைக்குத் தவணை வேலைக்கு லீவு போட வேண்டும். தோற்றால் நீதவான் விதிக்கிற தண்டம் சீட்டில் உள்ள தொகையாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. காசுக் கணக்குப் பார்ப்பவருக்கு இந்த வழி சரிவராது. நான் பார்த்தது காசுக் கணக்கு இல்லை.

வழக்காடப் போகிறேன் என்று பொலிஸ் நிலையத்தில் சொன்னபோது, "சும்மா ஏன் அலையிறீங்கள், கட்டிவிட்டுப் போங்கோ" என்றுதான் பதில் வந்தது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். நானும் மரியாதையாகவே மறுத்தேன். சட்டத்தரணி முக்கியமாகச் சொல்லி அனுப்பிய ஒன்று, சீட்டைக் கையைவிட்டுக் கொடுக்கக் கூடாது, யார் கேட்டாலும் காலி இடத்தில் எதையும் நிரப்ப விடக் கூடாது என்பது. வேண்டுமென்றால் பிரதி எடுத்துக் கொடுக்கலாம்.

14 நாள் முடிந்த பிறகு காரை வீட்டில் நிறுத்திவிட்டேன். வழக்கு நடக்கிறது என்பதற்காகச் சீட்டின் காலம் தானாக நீளாது. அந்த இடைவெளியில் ஓடிப் பிடிபட்டால் அது வேறு குற்றம், அதற்குப் பதில் சொல்ல ஒன்றும் இருக்காது. அவ்வளவு காலமும் மினிபஸ்தான். இந்தக் கதையில் உண்மையான கஷ்டம் அதுதான்.

மறித்த இடத்தைப் பொறுத்து வழக்கு யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்துக்கும் போகலாம், சாவகச்சேரிக்கும் போகலாம். இடம் எழுதாததன் இன்னொரு சிக்கல் அது. முதல் தவணையில் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்தார்கள். வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ், அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அப்படி. '50 கிலோமீற்றர் எல்லையுள்ள இடத்தில் 68 கிலோமீற்றர்' என்று அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். சீட்டில் இல்லாத இலக்கம் பத்திரிகையில் இருந்தது. குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டார்கள். சுற்றவாளி, அதாவது குற்றம் செய்யாதவன், என்றேன். விளக்கத்துக்கு, அதாவது சாட்சி விசாரணைக்கு, தவணை போட்டார்கள்.

விளக்கத்தன்று உத்தியோகத்தர் சிங்களத்தில் சாட்சி சொன்னார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். என் சட்டத்தரணி குரலை உயர்த்தவே இல்லை. குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும்படி கேட்டார். வாகன இலக்கம் இருந்தது, அனுமதிப்பத்திர இலக்கம் இருந்தது, நேரமும் இருந்தது. கருவி காட்டிய வேகம் அதிலும் இல்லை.

"அப்ப 68 எங்கையிருந்து வந்தது?"

ஞாபகத்தில் இருந்து என்றார்.

அன்றைக்கு மறித்த மற்ற வாகனங்களின் வேகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார். மதகுக்கு எந்தப் பக்கம் மறித்தீர்கள் என்ற கேள்விக்குக் கொஞ்சம் யோசித்து, கடைகள் இருக்கிற பக்கம் என்றார். கடைகள் முடிந்து வெளி தொடங்குகிற பக்கம் என்று, நான் சாட்சிக் கூட்டில் ஏறியபோது கொப்பியைக் காட்டிச் சொன்னேன்.

அந்த உத்தியோகத்தர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வெயிலில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக மறித்தவருக்கு என்னுடைய கார் எப்படித் தனியாக நினைவில் நிற்கும்? அதற்காகத்தான் எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.

நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் வழக்கு நிரூபிக்கப்படவில்லை என்று நீதவான் என்னை விடுதலை செய்தார். அனுமதிப்பத்திரம் வழக்கோடு நீதிமன்றத்துக்கு வந்திருந்ததால் பதிவாளர் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டியிருந்தது. தீர்ப்பு எழுதிய கோவை அங்கே போய்ச் சேரும் வரைக்கும் தரமாட்டோம் என்றார்கள். இன்னொரு நாள் போய், அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்து வைத்து எடுத்து வந்தேன்.

இப்போது தெரிந்தவர்கள் தங்கள் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். நான் முதலில் கேட்பது திகதியை. அடுத்து, உண்மையில் எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்று கேட்பேன். கூடின வேகத்தில்தான் ஓடினேன் என்று சொன்னால், சீட்டில் எது விடுபட்டிருந்தாலும் கட்டச் சொல்லிவிடுகிறேன்.