விரல் வச்ச வசனம்

நேத்து ஜெபக்கூட்டம் முடிஞ்சதும் ஒரு தம்பி பைபிளைத் திறந்து, பவுல் அப்போஸ்தலர் எழுதின எபேசியர் நிருபத்துல 5:22-ல விரலை வச்சிக்கிட்டு "அண்ணே, மனைவி கீழ்ப்படியணும்னு இருக்குல்ல, அது என் உரிமைதானே"ன்னு கேட்டார், பக்கத்துல அவர் மனைவி, அந்தத் தங்கச்சி, தலை குனிஞ்சு நிக்குது. எனக்கு மனசு கனத்துப்போச்சு. விரலை ஒரு வசனம் மேல தள்ளுங்கன்னேன், 21-ல "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்"னு ரெண்டு பேருக்குமே சொல்லிருக்கு, அப்புறம் 25, கிறிஸ்து சபைக்காக தன்னையே கொடுத்த மாதிரி புருஷன் அன்பு காட்டணும்னு, உயிரையே கொடுக்கிற கடமை அது தம்பி, அதை முதல்ல பாருங்கன்னேன். பவுல் அவங்கவங்க கடமையை அவங்கவங்ககிட்டதான் பேசுறார்.

அதுக்காக அடி வாங்கிட்டு பொறுத்துப்போங்கன்னு சொல்றது வேதம் இல்ல, தேவசாயல்ல படைக்கப்பட்டவங்க மேல கை வைக்க யாருக்கும் உரிமை கிடையாது, இதை சபையில சத்தமா சொல்லணும். பிள்ளைங்க விஷயமும் இதேதான், பெத்தவங்களுக்குக் கீழ்ப்படியணும்னு சொல்ற 6:1-ஐ மனப்பாடமா ஒப்பிக்க வைக்கிறோம், பிள்ளைங்களைக் கோபப்படுத்தாதீங்கன்னு அப்பாக்களுக்குச் சொல்ற 6:4-ஐ எத்தனை வீட்ல வாசிக்கிறோம்?

தம்பி ரொம்ப நேரம் 25-லயே விரலை வச்சிருந்தார். அந்தத் தங்கச்சிதான் மெதுவா பைபிளை வாங்கி மூடி "வாங்க, போலாம்"னு சொல்லுச்சு.