காக்கை என்று எழுதிய நாள்

1980களின் நடுவில் மாஸ்கோவில், ஒரு பதிப்பகத்தின் தமிழ்ப் பிரிவில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ருஷ்யக் கிராம வழக்கங்களைப் பற்றிய கட்டுரை ஒன்று என் மேசைக்கு வந்தது. ஈஸ்டருக்குப் பிந்தைய ஒன்பதாம் நாள், ராதோனிட்சா என்னும் செவ்வாய்க்கிழமை, கல்லறைகளில் பறவைகளுக்குத் தானியம் இறைப்பார்களாம். இறந்தவரின் உயிர் பறவையாக வருமாம். வாசித்ததும், அமாவாசையன்று அம்மா சோற்றுருண்டையோடு மொட்டைமாடி ஏறிக் கூப்பிடும் குரல்தான் காதில் கேட்டது. "காக்கைக்கு வைப்பார்கள்" என்று எழுதிவிட்டேன். நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியுமே.

பிரிவின் ஆசிரியை, பெலாரஸ்-உக்ரைன் எல்லையை ஒட்டிய போலேசியப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பாடம் படித்துக் கற்ற தமிழ் அவருடையது, ஆனால் பிசகாது. அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டு வந்தார். "எங்கள் ஊரில் நல்லவர்களின் உயிர் புறாவாகப் போகும். காக்கையாகப் போவது தீயவர்களின் உயிர். என் பாட்டியை நீங்கள் காக்கையாக்கிவிட்டீர்கள்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் கோபிக்கவில்லை, உட்கார்ந்து சொன்னார். பாட்டி இறந்ததும் உயிர் போக ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். பூனையை வேறு அறையில் அடைத்தார்கள், ஏனென்றால் அது பிணத்தைத் தாண்டினால் இறந்தவர் பேயாக எழுவார் என்ற பயம். நாற்பது நாள் வரை உயிர் வீட்டைச் சுற்றும் என்று ஜன்னலோரம் ஒரு கோப்பைத் தண்ணீர். சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது.

அதே கட்டுரையில் இன்னொரு முள். யாரோஸ்லாவ்ல் வட்டார வழக்கில் வண்ணத்துப்பூச்சிக்கு "தூஷிச்கா" என்று பெயர். 'தூஷா', அதாவது உயிர் என்பதன் செல்லச் சொல். வண்ணத்துப்பூச்சி என்று மட்டும் போட்டால் உயிர் போய்விடும். 'தூஷா' மூச்சோடு உறவுள்ள சொல், ஆகவே ஆவி என்பதுதான் வேரில் பொருந்தும். ஆனால் இன்று ஆவி என்றால் வாசகர் பயப்படுவார். ஆன்மா என்றாலோ கோயில் வாடை அடிக்கிறது, கிராமத்துக் கிழவி வாயில் அது ஒட்டாது.

இரண்டு நாள் அந்த ஒரு வரியிலேயே கிடந்தேன். கடைசியில் தூஷிச்கா என்ற சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் 'குட்டி உயிர்' என்று எளிதாகச் சேர்த்தேன். ஆசிரியை அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு மேலே போய், காக்கை இருந்த இடத்தில் தன் கையாலேயே 'பறவைகள்' என்று எழுதினார்.