மண்ணை இழந்த ஜேட்

மார்ச் 4

எங்கள் அருங்காட்சியகத்தின் சீன ஜேட் கற்பொருள் பெட்டிகள் இன்று என் மேசைக்கு வந்தன. முதலில் எடுத்தது சொங் என்னும் ஜேட் குழாய். வெளியே சதுரம், நடுவில் வட்டத் துளை, நான்கு மூலையிலும் கண்ணும் வாயுமாய் முகங்கள். பழைய அட்டையில் 'சோவ் காலம், பூமி வழிபாட்டுக்குரியது' என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். சோவ் என்பது பண்டைச் சீன அரச மரபு. வானத்துக்கு வட்டத் தகடு, பூமிக்கு மஞ்சள் சொங் என்று 'சோவ் சடங்குகள்' நூல் சொல்கிறது. அந்த ஒரு வரியிலிருந்தே பயனையும் காலத்தையும் எடுத்துக்கொண்ட தலைமுறை அது.

மார்ச் 5

அந்தக் கணக்கைத் திருத்தியது மண்வெட்டிதான். 1973இல் ஜியாங்சு மாகாணத்தின் சாவ்ஷியேஷானில், கற்காலக் கல்லறை ஒன்றில் லியாங்ஜூ என்ற புதிய கற்காலப் பண்பாட்டின் மட்பாண்டங்களோடு சொங் கிடைத்தது. 1986இல் ஹாங்ஜோ அருகே ஃபான்ஷானின் 12ஆம் கல்லறையிலிருந்து 6.5 கிலோ எடையுள்ள சொங் ஒன்று வெளிவந்தது. லியாங்ஜூவின் காலம் ஏறத்தாழ கி.மு. 3300 முதல் 2300 வரை. சோவ் அரசு தொடங்க அதன் பிறகும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்!

ஜேட்டை நேரடியாகக் கார்பன் முறையில் கணிக்க முடியாது. கூடவே புதைந்த கரியும் எலும்பும்தான் காலம் சொல்லும். என் கையிலிருக்கும் சொங்கோடு ஒரு கரித்துண்டுகூட வரவில்லை. கல்லறையைத் தோண்டி விற்றவர்கள் கல்லை மட்டும் எடுத்து, அதன் வரலாற்றைக் குழியிலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நினைக்க நினைக்க ஆறவில்லை.

மார்ச் 7

விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து லென்ஸில் பார்த்தேன். துளையின் நடுவே சிறு படி தெரிகிறது. இரு முனையிலிருந்தும் குடைந்து வந்தது அங்கே சந்தித்திருக்கிறது. ஒரு முகத்தில் வளைந்த கோடுகள்: கயிற்றையும் மணலையும் வைத்து அறுத்த தடம். நெஃப்ரைட் என்ற ஜேட் வகையைவிடக் குவார்ட்ஸ் மணல் கடினமானது. உலோகம் இல்லாமலே வேலை நடந்தது அதனால்தான். இந்தத் தடங்கள் செய்முறையைக் காட்டும். போலி செய்பவரும் இதே முறையைக் கற்றிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்துக் காலம் எழுத மாட்டேன்.

மார்ச் 10

அகழ்வில் கிடைத்தாலும் சிக்கல் உண்டு. 1976இல் ஆன்யாங்கில் திறந்த ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையில் 755 ஜேட் பொருட்கள். கல்லறை ஏறத்தாழ கி.மு. 1200, உள்ளே இருந்த சிலவோ அதைவிட மிகப் பழையவை. சிச்சுவானின் ஜின்ஷாவிலும் லியாங்ஜூ சொங் ஒன்று, செய்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் புதைக்கப்பட்டது. அதனால் அட்டையில் 'செய்த காலம்', 'புதைந்த காலம்' என்று இரண்டு கட்டங்கள் வேண்டும் என்று கேட்டேன். சம்மதித்தார்கள்.

மார்ச் 11

சொங்கின் அகன்ற முனை மேலே இருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியென்லுங் தம்மிடமிருந்த ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி அப்படியே கவிதை பொறிக்கச் செய்தார். எங்கள் பழைய படமும் தலைகீழ்தான். மறுபடி எடுக்கச் சொல்லியாயிற்று.

புதிய அட்டை: 'லியாங்ஜூ பாணி, வடிவத்தையும் முகச் செதுக்கலையும் கொண்டு கணித்தது. செய்த காலம்: கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டாக இருக்கலாம். புதைந்த காலம்: தெரியாது. கிடைத்த இடம்: தெரியாது.' பயன் என்ற கட்டத்தை வெறுமையாகவே விட்டேன். நாளை வட்டத் தகடுகள்.