60-லிருந்து 90-க்கு: புது நாட்டில் டிஷ் மாற்றிய கதை

புது நாட்டுக்கு வந்து வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு மாதிரி ஒழுங்குக்கு வந்த பிறகுதான் டிவி பற்றிய பேச்சு வீட்டில் எழுந்தது. எங்களுக்குக் கைப்பேசி போதும். அம்மாவுக்கு அப்படியில்லை. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவர், வெளியே போனால் பாஷை புரியாது. ரிமோட்டை அமுக்கினால் தமிழ் கேட்க வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். இணையம் வழியாகப் பார்க்கும் பெட்டி ஒன்றை வாங்கிவைத்தோம். மெனுவுக்குள் மெனு என்று அது போன போக்கைப் பார்த்துவிட்டு ஓரமாக எடுத்துவைத்துவிட்டார்.

வாடகை வீட்டுச் சுவரில் முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன 60 செ.மீ. டிஷ் இருந்தது. தமிழ்ச் சானல் வரும் செயற்கைக்கோள் பக்கம் அதைத் திருப்பினோம். வெயில் நாளில் படம் சுத்தமாக வந்தது. தூறல் விழுந்தால் போச்சு. முகங்கள் கட்டம் கட்டமாக உடையும், குரல் விக்கும், அப்புறம் எல்லாம் நின்றுவிடும். தொடரில் மாமியார் ஓங்கிய கையோடு உறைந்து நிற்பார். அறை விழுந்ததா இல்லையா என்பது அம்மாவுக்குத் தெரியாமலே போகும்.

பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி பூக்கும், ஆனாலும் கதை ஓடும். டிஜிட்டலில் அந்தச் சலுகை இல்லை. ஒரு அளவு வரை பிழைகளை ரிசீவரே திருத்திக்கொள்ளும், அதனால் படம் பளிச்சென்று இருக்கும். அந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே போனாலும் படமே இல்லை. எங்கள் 60 செ.மீ. டிஷ் அந்த விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தது. மழைத்துளி சிக்னலில் கொஞ்சம் தின்றாலே விழுந்துவிடும்.

எங்கள் சமூகத்தில் டிஷ் மாட்டிக்கொடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பகலில் வேறு வேலை, வார இறுதியில் ஏணியும் கையுமாக இதுதான். வந்தவர் ரிசீவர் திரையில் இருந்த இரண்டு கோடுகளைக் காட்டினார். "தம்பி, மேல இருக்கிற ஸ்ட்ரெங்த்தைப் பார்த்து ஏமாறாதீங்க. சுவரைப் பார்த்து வெச்சாலும் அது கொஞ்சம் காட்டும். கீழே குவாலிட்டின்னு இருக்கு பாருங்க, அதுதான் படம்." ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியாக வரும் மொத்த சக்தி. இரைச்சலும் அதில் சேர்த்திதான். சத்தத்துக்கு நடுவில் நமக்கு வேண்டிய பேச்சு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதைச் சொல்வது குவாலிட்டி. இதைத் தெரிந்துகொள்ளாமல் கேபிள் நடுவில் ஆம்பிளிஃபயர் வாங்கி மாட்டுபவர்கள் நிறைய. அது பேச்சோடு இரைச்சலையும் சேர்த்தே ஏற்றும். டிஷ் பிடிக்காததை வழியில் யாரும் உண்டாக்க முடியாது.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வளர்ந்த நமக்கு டிஷ் என்றால் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் ஒன்று. இந்தச் செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கின்றன. 10 டிகிரி வட அட்சத்தில் இருப்பவருக்கு, நேர் தெற்கே உள்ள செயற்கைக்கோள் ஏறக்குறைய 78 டிகிரி உயரத்தில் இருக்கும். அதே செயற்கைக்கோள் 50 டிகிரி வடக்கே வந்தவருக்கு 33 டிகிரியில்தான். 60 டிகிரி வடக்கே போனால் 22. இதற்கு மேல் இன்னொரு வேடிக்கை: வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகை, அவை பார்ப்பதுபோலத் தெரியும் திசைக்கு 20 சொச்சம் டிகிரி மேலேதான் உண்மையில் பார்க்கின்றன. அதனால் இந்த ஊரில் டிஷ் சுவர்போல நிமிர்ந்து நிற்கும். எதிர்வீட்டுச் சன்னலைப் பார்த்து வைத்திருக்கிறானே என்றுதான் புதிதாக வருபவருக்குத் தோன்றும்.

பார்வை இவ்வளவு தாழ்ந்துவிட்டால் மரம், கூரை எல்லாம் குறுக்கே வரும். எங்கள் தெருவில் ஒருவர் குளிர்காலத்தில், மரங்கள் மொட்டையாக நின்ற நேரத்தில் டிஷ் மாட்டினார். வசந்தம் வந்து இலை துளிர்த்ததும் சானல் ஒவ்வொன்றாகக் கழன்றது. ஈர இலை இந்த அலைகளை நன்றாகவே மறைக்கும். தடை மரமாக இருந்தால் எவ்வளவு பெரிய டிஷ் வைத்தாலும் பயன் குறைவு. இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

எங்களுக்கு மரம் பிரச்சினை இல்லை. செயற்கைக்கோளின் சிக்னல் விழும் வட்டாரத்தின் ஓரத்தில் நாங்கள் இருந்ததுதான் பிரச்சினை. நடுவில் இருப்பவர்களுக்குச் சின்ன டிஷ்ஷே போதும். ஓரத்துக்கு வர வர சிக்னல் மெலியும். சிக்னல் 3 டெசிபெல் குறைந்தால் அது பாதியானதாக அர்த்தம். அதை ஈடுகட்ட டிஷ்ஷின் பரப்பு இரட்டிப்பாக வேண்டும், அதாவது விட்டம் 1.4 மடங்கு. 60-லிருந்து 90 செ.மீ.க்குப் போனால் பரப்பு 2.25 மடங்கு, கிடைப்பது சுமார் 3.5 டெசிபெல். 120 செ.மீ.க்குப் போனால் பரப்பு 4 மடங்கு, 6 டெசிபெல். எனக்கு 120-இன் மேல்தான் ஆசை இருந்தது. அண்ணன் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். பரப்பு கூடினால் காற்றின் தள்ளலும் அதே அளவு கூடும். வாடகை வீட்டுச் சுவர் தாங்காது. 90 என்று முடிவானது. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் சின்னப் பெட்டியான எல்என்பியையும் மாற்றினோம், பழையதன் மூடி வெயிலில் வெடித்து உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. அது சேர்க்கும் இரைச்சல் வெறும் 0.1 டெசிபெல் என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. காய்ந்த எல்என்பி ஈர எல்என்பியைவிட நல்லது, அவ்வளவே.

சுவரில் துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். இந்தத் தட்டுக்காக நம்மைப் போன்றவர்கள் நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். ஜெர்மனியில் வெளிநாட்டிலிருந்து வந்த வாடகைதாரர் சொந்த நாட்டு ஒளிபரப்பைப் பார்க்க விரும்புவதற்கு உரிய மதிப்பு தர வேண்டும் என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 1994-இல் சொன்னது. சுவீடனில் டிஷ்ஷைக் கழற்ற மறுத்ததால் வீட்டை இழந்த ஈராக்கியக் குடும்பத்தின் வழக்கில், 2008-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்றது. எங்கள் வீட்டுக்காரர் அவ்வளவு தூரம் இழுக்கவில்லை. தெருப்பக்கம் தெரியக்கூடாது என்றார், பின்சுவர் எங்களுக்கும் வசதியாக இருந்தது.

மாட்டும் வேலையில் நேரம் தின்றது கம்பம்தான். ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பார்த்து, நேர்குத்தாக நிற்கும்வரை அண்ணன் விடவில்லை. கம்பம் சாய்ந்தால் டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும்போதே உயரமும் மாறும், தேடல் முடியவே முடியாது. பெரிய டிஷ்ஷில் இது இன்னும் முக்கியம். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை ஏறக்குறைய 3 டிகிரி அகலம், 90-க்கு 2 டிகிரிதான். பழையதை ஒரு விரல்கடை தள்ளிவைத்தாலும் ஓடியது, புதியது ஒத்துக்கொள்ளாது. டிஷ்ஷை முடி அகலம் முடி அகலமாக நகர்த்துவது, ரிசீவர் பதில் சொல்லும்வரை நிற்பது, மறுபடி நகர்த்துவது. உள்ளே சன்னலோரம் அம்மா குவாலிட்டி எண்ணைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அண்ணன் எல்என்பியை அதன் பிடிக்குள் மெல்லச் சுழற்றினார். செயற்கைக்கோள் நேர் தெற்கே இல்லாமல் பக்கம் தள்ளி இருந்தால் அலைகளும் சாய்ந்து வந்து சேரும், எல்என்பியும் அதே அளவு சாய வேண்டும். பாதிச் சானல் நன்றாக வந்து பாதி மட்டும் தகராறு செய்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். நட்டுகளை முறுக்கும்போதும் ஒரு பக்கத்தை முழுக்க இறுக்காமல் மாறி மாறி இறுக்கினார். இறுக்குகிற வேகத்திலேயே டிஷ் நகர்ந்துவிடுமாம். கடைசியில் கம்பத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு.

கேபிளை எல்என்பிக்குள் சொருகும் முன் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டார், மழைநீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும். கனெக்டருக்குள் வலைக்கம்பியின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்லாம் படுத்துவிடும் என்பதால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே முறுக்கினார்.

இப்போது சாதாரண மழைக்குப் படம் அசைவதில்லை. இடியோடு கொட்டும் மழையில் கொஞ்ச நேரம் போகும், அதற்கு 120-உம் முழு உத்தரவாதம் இல்லை. காய்ந்த பனி பாதகமில்லை, ஈரப்பனி டிஷ்ஷில் ஒட்டினால் துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும். மார்ச் தொடக்கத்திலும் அக்டோபரிலும் சில நாள் பகலில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும், சில நிமிடம் படம் போய்த் தானே திரும்பும். முதல் தடவை நடந்தபோது அம்மா என் அலுவலகத்துக்கே போன் போட்டுவிட்டார். இப்போதெல்லாம் பழகிவிட்டது, அந்த நேரத்தில் துணி மடிக்கிறார்.